பத்தொன்பது இன்ச்

அத்தியாயம் பதினொன்று

விமான நிலைய வாசலில், மூன்று சூட்கேஸ்களுக்கு மேலே, பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி நீல நைலான் கயிற்றால் கட்டிய இரண்டு பெரிய வட்டங்களோடு எலிசாள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்த இடத்தில் சென்ற வாரம் நின்றோம். அந்த வட்டங்கள் இப்போது பேரூர்க்கடை வீட்டின் முன்னறையில், சோபாவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ஐந்து நாளாகிறது. விரிப்பை மட்டும் அவிழ்த்துத் துவைத்து மடித்தாயிற்று. புது ரப்பரின் வாசனை அந்த வீட்டில் நான்காவது ஆள் போல நடமாடிக்கொண்டிருந்தது.

இரண்டும் மோட்டார் சைக்கிள் டயர்கள். ரேடியல்.

"நீங்கதானே போன்ல சொன்னிய, டயர் ரெண்டும் வெடிப்பு விட்டுப்போச்சு, பத்தொன்பது இன்ச் நல்லதா கிடைக்கல்லன்னு," என்றாள் அவள் அன்று டாக்சியில். "மஸ்கட்ல பெரிய கடை ஒண்ணு உண்டு. உள்ளதுலயே நல்லது எதுன்னு கேட்டேன். ரேடியல்னு சொன்னான். காருக்கெல்லாம் இப்ப அதுதானாமே?"

"அருமையா இருக்கு," என்றான் அவள் கணவன் ராஜமணி.

அவன் அப்படிச் சொன்னபோது டயர்கள் டாக்சியின் டிக்கியில் இருந்தன. அவன் இன்னும் அவற்றைப் பார்த்திருக்கவில்லை.

பார்த்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பொதுப்பணித்துறையில் வரைவாளன். இருபத்தைந்து வருடமாக அளவுகளோடு குடும்பம் நடத்துகிறவன். பத்தொன்பது இன்ச் சரிதான். ஆனால் அகலம் வேறு ஏதோ ராட்சத வண்டிக்கு உரியது. அவனுடைய அறுபத்தேழாம் வருடத்து புல்லட்டின் ஒல்லி ரிம்முக்கு அது கல்யாண வீட்டு அண்டாவை ஸ்டவ்வில் ஏற்றுவது போல. போதாததற்கு, புல்லட்டுக்குச் சேர்ந்த இரண்டு கிராஸ்பிளை டயர்களை அவன் பத்து நாள் முன்பே சாலை என்ற கடைத்தெருவில் வாங்கி, சுப்புவின் ஒர்க் ஷாப்பில் ஆணியில் மாட்டி வைத்திருந்தான். அவள் வந்ததும் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு.

வெள்ளிக்கிழமை போனில் கெட்ட சேதி சொல்லக் கூடாது. மஸ்கட்டில் வெள்ளி விடுமுறை. ஆஸ்பத்திரி ஹாஸ்டலிலிருந்து எலிசாள் அன்று மாலைதான் கூப்பிடுவாள். அவள் நர்சாகப் போன முதல் வருடம், ஆறு வயது மகள் ஷீஜாவுக்கு அம்மை போட்டிருப்பதை ராஜமணி போனில் உளறிவிட்டான். ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அறைத்தோழி கடிதம் எழுதினாள். அன்று போட்ட சட்டம். கடலுக்கு அப்பால் இருக்கிறவளால் ஒன்றும் செய்ய முடியாத காரியத்தை எதற்குச் சொல்ல வேண்டும்? அதற்குப் பிறகு வந்த எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் எல்லாரும் சுகமாக இருந்தார்கள். அவனுக்குக் கணுக்கால் முறிந்த வெள்ளியிலும் சுகம். அவளுக்கு மஞ்சள்காமாலை கண்ட வெள்ளியிலும் சுகம்.

சட்டம் போனுக்கு மட்டும்தான். ஆனால் பதினான்கு வருடத்தில் வாய் பழகிவிட்டது. அவள் விடுமுறையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்களிலும் அவர்கள் வெள்ளிக்கிழமையாகவே பேசிக்கொண்டார்கள்.

அன்று வியாழன். ஈஸ்டர் முடிந்த வாரம். ராஜமணி ஆறு மணிக்கு எழுந்தபோது எலிசாள் தூங்கிக்கொண்டிருந்தாள். அகலமான கட்டிலின் ஓரத்தில், ஹாஸ்டல் கட்டிலின் அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நேராக, அசையாமல். அவளுக்கும் அவன் படுத்த இடத்துக்கும் நடுவே இன்னொருவர் தாராளமாகப் படுக்கலாம். மேசை மேல் கழற்றி வைத்த அவள் கைக்கடிகாரம் நாலரை காட்டியது. அவள் அதை இந்த ஊர் நேரத்துக்கு மாற்றவில்லை.

சமையலறையில் ஷீஜா காபி கலந்துகொண்டிருந்தாள். இருபது வயது. ஜூன் மாதம் பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும்.

"அப்பா, இன்னைக்கு கேப்பீங்களா?"

"எத?"

"அய்யோ, எதன்னு எங்கிட்ட கேக்காதீங்க. மம்மிக்க ஆஸ்பத்திரி கான்ட்ராக்ட் இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் புதுக்கணும்ல? அவங்களுக்கு இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும். நான் போயாச்சுன்னா இங்க யாரு உண்டு? நீங்களும் ஃபிரிட்ஜும்."

"கேப்பேன் மக்களே."

"எப்பவும் கேப்பேன்னுதான் பறைவீங்க."

"இன்னைக்கு கல்லாறு கூட்டிட்டுப் போறேன். அங்க வச்சு கேப்பேன்."

"பைக்லயா?" ஷீஜாவின் முகம் மலர்ந்தது. "புது டயர் போட்டா? அடிபொளி! மம்மி நேத்தும் கேட்டாங்க, அப்பாக்கு டயர் இஷ்டப்பட்டில்லயோ, அங்கேயே சாய்ச்சு வச்சிருக்காரேன்னு."

ராஜமணி காபியை முழுதாகக் குடிக்கவில்லை. போகாதே. ஒரே சொல். ஒரு வாரமாகக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்லப் போகிற நாளில், அவள் கடல் தாண்டிச் சுமந்து வந்த டயரை வேண்டாமென்று மூலையில் போட்டுவிட்டு எப்படிப் புறப்படுவது?

ஏழரை மணிக்கு ஆட்டோவில் இரண்டு ரேடியலையும் ஏற்றிக்கொண்டு பழவங்காடிக்குப் போனான்.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள் சுப்புவின் ஒர்க் ஷாப்; புல்லட்டும் அங்கேதான் நின்றது. திருநெல்வேலியிலிருந்து வந்து இருபது வருடமாகியும் சுப்புவின் பேச்சிலிருந்து தாமிரபரணி வடியவில்லை. டயர்களைப் பார்த்ததும் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தான்.

"என்னவே இது? லாரிக்கு வாங்கினீரா?"

"எலிசா கொண்டு வந்தா."

"அப்ப சரி. வீட்டுல ஊஞ்சல் கட்டி ஆடும்."

"மாட்டணும் சுப்பு."

சுப்பு அவன் முகத்தைப் பார்த்தான். வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் ஆணியில் தொங்கிய கிராஸ்பிளை ஒன்றை எடுத்து ரேடியலுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"இங்க பாரும். இது கயித்துக் கட்டில். உள்ள நைலான் நூலு குறுக்கும் நெடுக்குமா அடுக்கடுக்காப் போகுது. அதனாலதான் கிராஸ்பிளைன்னு பேரு. சுவரும் கெட்டி. உம்ம வண்டி பொறக்கும்போதே இதுல நின்ன வண்டி." அவன் கட்டைவிரலால் ரேடியலின் பக்கவாட்டை அழுத்தினான். "இதுல நூலு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு நேராப் போகுது. மேல மட்டும் பெல்ட்டு. சுவரு மெத்துனு இருக்கும். நல்ல சாமான்தான், குத்தம் சொல்லல. ஆனா இதுக்கு அகலமான ரிம்மு வேணும். உம்ம ரிம்முல ஏத்தினா இடுப்பப் புடிச்சு நெரிச்ச மாதிரி நிக்கும். நேர் ரோட்டுல ஒண்ணும் தெரியாது. வளைவுல பின்னாடி ஆடும்."

"ரொம்பவா?"

"ஒத்தையா மெதுவாப் போனா தப்பிச்சிரலாம். ரெண்டு பேரு உக்காந்து மலை ரோட்டுல போனா ஆண்டவனுக்குத்தான் தெரியும். உம்ம ஆண்டவனும் எங்க ஆண்டவனும் சேர்ந்து வரணும்."

"மாட்டு."

"சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது. மாட்டு."

முன்பக்கம் ஏறவில்லை. மட்கார்டின் இரண்டு பக்கமும் உரசி, சக்கரம் அரைச்சுற்றுக்கு மேல் சுற்ற மறுத்தது. ராஜமணிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. உடனே அதற்காக வெட்கம். பின்பக்கம் செயின் கவரைச் சற்று வளைத்து, டியூப் போட்டு, லிவரால் நெம்பி நெம்பி, சுப்பு கெட்ட வார்த்தைகளில் பாதியை விழுங்கிக்கொண்டே ரேடியலை ஏற்றினான். முன்னால், அவன் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய கிராஸ்பிளை.

"முன்னாடி உம்ம இஷ்டம், பின்னாடி அந்தம்மா இஷ்டம்," என்று கையைத் துடைத்தான் சுப்பு. "எந்தக் குடும்பத்துலவே ரெண்டும் ஒரே வேகத்துல திரும்பிருக்கு? அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை, சேரலன்னு சொன்னா முடிஞ்சுது. நர்சுதானே, விஷயம் புரியாதா?"

"சொல்லலாம்," என்றான் ராஜமணி. சொல்லலாம் என்பது உண்மைதான். எத்தனையோ காரியங்களைச் சொல்லலாம்.

பத்து மணிக்கு வாசலில் புல்லட்டின் சத்தம் கேட்டு எலிசாள் வந்தாள். நீலச் சுடிதார், முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். பின்சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தாள். சின்னப் பெண்ணின் சிரிப்பு. அதற்காகவே எல்லாம் சரி என்று அந்தக் கணத்தில் அவனுக்குத் தோன்றியது.

"மாட்டியாச்சா? எப்படி ஓடுது?"

"வெண்ணெ மாதிரி."

"நான் சொல்லல்லியா? அந்தக் கடைக்காரன்கிட்ட நம்ம பழைய போட்டோ காட்டினேன், நீங்களும் நானும் இந்த வண்டியில இருக்குறது. அவன் வண்டியப் பார்க்கல்ல, உங்க மீசையத்தான் பார்த்துச் சிரிச்சான்."

அவள் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் அவன் தோளைப் பிடிப்பாள். இப்போது சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நெடுமங்காடு வரை அவன் முதுகு அந்தக் கைக்காகக் காத்திருந்தது.

நேர் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. ரப்பர் தோட்டங்கள் பின்னால் போயின. மரங்கள் எல்லாம் ஒரே அளவு இடைவெளி விட்டு, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. எங்கோ தூர தேசத்தில் யாருமற்ற ரயில் நிலையங்களைக் கடந்து போவது போல அவனுக்கு இருந்தது. பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது பாரத்தில் மட்டும்தான் தெரிந்தது.

"சொகமா இருக்கா?" என்று கத்தினான்.

"ஓ, சொகம்!" என்று காற்றில் பதில் வந்தது.

விதுரை தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. முதல் வளைவில் முன்சக்கரம் அவன் சொன்ன இடத்தில் திரும்பியது. பின்சக்கரம் ஒரு கணம் தாமதித்து, தன் சொந்த யோசனை ஒன்றை முடித்துக்கொண்டு, பிறகுதான் பின்தொடர்ந்தது. வண்டி இடுப்பை ஒடித்து ஆடியது.

"என்னது?" என்றாள் எலிசாள்.

"ரோடு சரியில்ல."

இரண்டாவது வளைவிலும் ரோடு சரியில்லை. மூன்றாவதில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள்; அந்தப் பொய்யும் முடிந்துபோனது. அவன் வேகத்தைக் குறைத்தான். உள்ளங்கை வியர்த்து ஆக்சிலேட்டர் வழுக்கியது. திரும்பிவிடலாம். ஆனால் கல்லாறு இன்னும் நாலு கிலோமீட்டர். சொல்ல வேண்டிய சொல் அங்கே இருந்தது.

அடுத்த திருப்பத்தில் எதிரே ஒரு ஜீப் வந்தது. அவன் இடப்பக்கம் சாய்த்தான். முன்பக்கம் சாய்ந்தது. பின்பக்கம் வரவில்லை. வண்டியின் வால் சாலையின் நடுவை நோக்கி வழுக்கி, ஒரு முழு மூச்சுக்கு அங்கேயே தயங்கி, திரும்பி உதறிக்கொண்டு வந்தது. ஜீப்பின் ஹாரன் அவர்கள் காதைத் தொட்டுக்கொண்டு போனது. எலிசாளின் இரண்டு கைகளும் அவன் இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தன. பதினான்கு வருடம் கழித்து. பயத்தில்.

கல்லாற்றில், பாலத்துக்குச் சற்று முன்னால், ஒரு பெட்டிக்கடை அருகே அவன் நிறுத்தும்வரை அந்தக் கைகள் விலகவில்லை. நின்றதும் விலகிவிட்டன.

"சாயயா, கட்டனா?" என்று கடைக்காரி கேட்டாள்.

"ரெண்டு கட்டன்," என்றான் ராஜமணி. குரல் தன்னுடையது போல இல்லை.

கீழே ஆறு உருண்டைக் கற்களுக்கு நடுவே மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் பால் சேர்க்காத டீயின் கண்ணாடி டம்ளர்களோடு திரும்பியபோது எலிசாள் வண்டியின் பின்னால் குந்தியிருந்தாள். நோயாளியின் காலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது போல, விரலால் டயரின் பக்கவாட்டை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினாள்.

"சுடுது," என்றாள். பிறகு எழுந்து முன்னால் போனாள். வெகுநேரம் முன்சக்கரத்தைப் பார்த்தாள்.

"இது நான் கொண்டு வந்ததில்லியே."

"இல்ல."

"எனக்க டயரு எங்க?"

"சுப்புக்க கடையில இருக்கு. முன்னாடி ஏறல்ல."

"பின்னாடி ஏறிச்சா, ஏத்தினியளா?"

அவன் ஒரு டம்ளரை அவளிடம் நீட்டினான். "ஏத்தினோம்."

"சுப்பு என்ன சொன்னாரு?"

"வேண்டாம்னுதான் சொன்னான்."

"அது தெரிஞ்சும் என்னப் பின்னாடி உக்கார வச்சிய." அவள் குரல் உயரவில்லை; இறங்கியது. வார்டில் இரவு நோயாளிகளிடம் பேசுகிற குரல் அதுவாக இருக்கும் என்று அவன் நினைத்தான். "நான் அங்க எட்டு வருஷமா ஆக்சிடென்ட் வார்டு பார்க்கியேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. குழந்தைகள் வார்டு என்றுதான் வெள்ளிக்கிழமைகள் சொல்லியிருந்தன.

"நீ அவ்வளவு தூரத்துலருந்து சுமந்துட்டு வந்தத எப்படி வேண்டாம்னு சொல்ல?"

"வாயத் திறந்துதான். இது சேராது பிள்ளேன்னு. அவ்வளவுதானே? நான் என்ன, அழுவேனா?" அவள் கல்லின்மேல் உட்கார்ந்தாள். ஏதோ நினைத்துக்கொண்டாற்போல் நிமிர்ந்தாள். "அந்தச் சட்டையெல்லாம்?"

"எந்தச் சட்டை?"

"வருஷா வருஷம் அனுப்பினேனே. நாப்பத்திரண்டு சைஸ்."

"கொஞ்சம் பெருசு."

"எத்தனை வருஷமாப் பெருசு?"

"தொடக்கத்துலருந்தே."

"சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போனேன், எல்லாரும் கேட்டாங்கன்னு சொன்னிய!"

"போட்டேனே. கைய மடக்கி விட்டுக்குவேன். கேக்கத்தான் செஞ்சாங்க, அண்ணனுக்க சட்டையான்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஆற்றுச் சத்தத்தில் இரண்டு சிரிப்பும் கலந்து போயின. கடைக்காரி ரேடியோவைத் திருகி, ஸ்டேஷன் கிடைக்காமல் அணைத்தாள்.

"ஷீஜா ஏழாங்கிளாஸ் படிக்கும்போது," என்றாள் எலிசாள், ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன். போதும், வந்துரட்டுமான்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன சொன்னிய?"

"உனக்க இஷ்டம்னு."

"போன வச்சிட்டு நான் ஹாஸ்டல் படியில உக்காந்திருந்தேன். மெஸ் மூடுற வரைக்கும். நான் வாறது இவருக்கு ஒரு காரியமே இல்லன்னு நினைச்சேன்."

"நான் வான்னு சொன்னா உன்னப் பிடிச்சு இழுத்த மாதிரி ஆயிருமேன்னு..." அவன் நிறுத்தினான். அந்த வாக்கியத்துக்கு முடிவே இல்லை. எட்டு வருடமாக அவனுக்குள் அதே இடத்தில்தான் அது நின்றுகொண்டிருந்தது.

டம்ளரைக் கல்லின்மேல் வைத்தான்.

"போகாத, எலிசா."

குளியலறையில் ஒத்திகை பார்த்த குரல் இதில்லை. கரகரத்து, பாதி ஆற்றோடு போய்விட்டது. ஆனால் அவளுக்குக் கேட்டது. அவள் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது.

"பேப்பர் பைக்குள்ளதான் இருக்கு," என்றாள் மெல்ல. "கையெழுத்துப் போட்டாச்சு. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள ஃபாக்ஸ் போகணும், நாளைக்கு அங்க லீவு. தம்பானூர்ல பூத் இருக்குன்னு ஷீஜாகிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

"அனுப்பாத."

"காலையில சீனி டப்பா எங்க இருக்குன்னு ஷீஜாகிட்ட கேட்டேன். எனக்க வீட்டுல, எனக்க சமையல்கட்டுல. அங்க வார்டுல கரண்ட் போனாலும் இருட்டுலயே எந்த மருந்து எந்த அலமாரியிலன்னு கை போகும். இங்க ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா சுவரைத் தடவிட்டு நடக்கேன்." அவள் பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள். "நீங்க கேட்டுட்டிய. அது நல்ல காரியம். ஆனா இன்னைக்குக் கேட்டிய. நான் நாப்பத்தாறு வயசு வரைக்கும் கேக்காத ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷத்துல எப்படிப் பதில் சொல்ல?"

"இப்ப சொல்லாண்டாம். வீட்டுக்குப் போயி..."

"இந்த வண்டியிலயா?"

மேலே பொன்முடியிலிருந்து இறங்கும் பஸ்சின் சத்தம் வளைவுகளுக்கு அப்பால் கேட்டது. எலிசாள் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

"ரெண்டு பேரு பாரம் இது தாங்காது. நான் பஸ்ல போறேன். நீங்க ஒத்தையா, மெதுவா வாங்க. இருபதுக்கு மேல போகாண்டாம். கேட்டியளா?"

"எலிசா, வண்டிய இங்க விட்டுட்டு நானும் பஸ்ல..."

"ஒரு மணிக்கூர் நான் தனியா இருக்கணும்," என்றாள். கோபமில்லை. வேண்டியதைக் கேட்கிற குரல். அவனிடம் அவள் அப்படி எதையும் கேட்டதில்லை.

"கேறிக்கோ சேச்சி, வேகம், வேகம்!" என்று கண்டக்டர் கதவைத் திறந்தான். அவள் ஏறினாள். இரட்டை மணி அடித்தது.

ராஜமணி உதைத்துக் கிளப்பி, பஸ்சுக்குப் பின்னால் வண்டியை விட்டான். முன்னால் இடம் இருந்தும் அவள் கடைசி நீள சீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். பின் கண்ணாடி வழியே, இவன் பக்கம் திரும்பிய அவள் முகம் தெரிந்தது. முதல் வளைவு வந்தபோது அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து மெல்ல அழுத்தினாள். மெதுவா. அவன் குறைத்தான். வளைவு முடிந்ததும் கையை எடுத்தாள். அடுத்த வளைவில் மறுபடி கை. அவளுக்கு முன்பக்கச் சாலை தெரியாது. பஸ் சாயும்போது மட்டும்தான் வளைவென்று தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் கை வந்தது. விதுரை வரை அவர்கள் அப்படிப் போனார்கள், நடுவில் ஒரு கண்ணாடியும் டீசல் புகையும் பத்து கெஜம் சாலையும் வைத்துக்கொண்டு. தனக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் இதுவரை இருந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

நெடுமங்காட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சந்தைக் கூடைகளும் பஸ்சில் ஏறின. கடைசி சீட்டிலும் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்து, கண்ணாடியில் முதுகுகளும் பைகளும் மட்டும் மிஞ்சின. வளைவுகள் முடிந்துவிட்டன, கையும் இல்லை. அவள் உள்ளே இருக்கிறாளா என்று தெரியாத ஒரு பஸ்சை அவன் பின்தொடர்ந்தான். வெளியே பார்த்தவர்களுக்கு, பழைய புல்லட்டில் ஒரு நடுவயதுக்காரன், காலியான பின்சீட்டோடு, யாருக்கும் அவசரமில்லாத வேகத்தில் போவதுதான் தெரிந்திருக்கும்.

பேரூர்க்கடை நிறுத்தத்தில் பஸ் நின்றது. வீட்டுக்குப் போகும் சந்து அங்கேதான் பிரிகிறது. ராஜமணி ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றி, கதவைப் பார்த்தான்.

யூனிஃபார்மில் மூன்று பிள்ளைகள் இறங்கினார்கள். வாழைக்குலையோடு ஒரு கிழவர். கைக்குழந்தையோடு ஒருத்தி, அவளுடைய குடையை உள்ளிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

கூட்டம் குறைந்ததில் பின் கண்ணாடி மறுபடி திறந்துகொண்டது. எலிசாள் அதே இடத்தில் இருந்தாள். தூங்கவில்லை. தன் வீட்டுச் சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வழியில் வரும் ஏதோ ஒரு ஊரின் தெருவைப் பார்ப்பது போல. மடியில் பை. பையின்மேல் இரண்டு கைகளும். பிறகு அவனைப் பார்த்தாள். வா என்று கை காட்டவில்லை. வராதே என்று தலையசைக்கவும் இல்லை.

இரட்டை மணி. பஸ் தம்பானூரை நோக்கி நகர்ந்தது.

ஒரு கணம் அவன் வாய் தானாகவே தயாரானது: உனக்க இஷ்டம். அதை விழுங்கிவிட்டு கியரைப் போட்டான். சந்து முனையில், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஷீஜா புல்லட்டின் சத்தம் கேட்டுக் கையை ஆட்டினாள். அப்பா நிற்காமல், வீட்டைக் கடந்து, ஒரு பஸ்சின் பின்னால் வேகமெடுத்துப் போவதைப் பார்த்து, அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.